13 வயதுப் பிள்ளைக்கும் 18.5 தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு சுகாதாரப் பக்கத்தில், உயரத்துக்கு ஏற்ற நிறை இருக்கிறதா என்று கணிக்கும் முறையை (உடற்திணிவுச் சுட்டி, BMI) பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், 18.5க்குக் கீழே வந்தால் நிறை குறைவு. வளர்ந்தவர்களுக்கு அது சரி. கடைசி வரியில் ‘பாடசாலைப் பிள்ளைகளும் கணித்துப் பார்க்கலாம்’ என்று ஏன் சேர்த்தீர்கள்?

என் மகளுக்கு 13 வயது. உயரம் 150 சென்ரிமீற்றர், நிறை 39 கிலோ. கணித்தபோது 17.3 வந்தது. நம்பாமல் போனில் ஒரு கணிப்பானிலும் போட்டாள். அது வயதைக் கேட்கவே இல்லை, ‘நிறை குறைவு’ என்று சிவப்பில் காட்டியது. அன்றிரவு வயிறு நிறைந்த பிறகும் இன்னொரு துண்டு புட்டை எடுத்துக் கண்ணீரோடு விழுங்கினாள். காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று மணிக்கட்டை விரல்களால் சுற்றி அளந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா. 5 முதல் 19 வயது வரையானவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2007 இல் தனி அட்டவணை வெளியிட்டது. அதில் 13 வயதுப் பெண்பிள்ளைக்கு 14.9க்குக் கீழே போனால்தான் மெலிவு. சுகாதாரப் பக்கம் நடத்தும் உங்களுக்கு இது தெரிந்திருக்கும் என்றுதான் நம்பியிருந்தேன்.

அயல்வீட்டுப் பையனுக்கு 10 வயது, கணக்கு 22. உங்கள் பெட்டிப்படி அவன் சரியான நிறை. தாய் நிம்மதியாகிவிட்டார். அந்த வயதுப் பையனுக்கு 21.4ஐத் தாண்டினாலே உடற்பருமன். ஒரே கணக்கு சுகமான பிள்ளையை அழவைத்தது, கவனிக்க வேண்டிய பிள்ளையைத் தட்டிக்கொடுத்தது. ஒரே வகுப்பில் பெரியபிள்ளையானவளும் ஆகாதவளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வயது இது. வயதும், ஆணா பெண்ணா என்பதும் தெரியாமல் எந்தக் கணிப்பான் என்ன சொல்ல முடியும்? அதைக் கேட்கும் கணிப்பானுக்கும் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது.

போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வின்போது எனக்கும் 13 வயது. சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் மூன்று குடும்பங்கள் இருந்தோம். அப்போது என் நிறை குறைந்தது சாப்பாடு இல்லாமல். பிறகு பள்ளிக்கூடத்தில் நிறை பார்த்த நாளில் எண்ணை வகுப்பு முழுக்கக் கேட்கச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். அந்த வருடம் முழுவதும் எனக்கு ‘ஈர்க்கில்’ என்றுதான் பெயர். இப்போதும் சில பாடசாலைகளில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அதைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். கடிதம் பத்திரிகையில் வரவில்லை, பதிலும் வரவில்லை. உடம்பை மெலிய வைக்கும் தேத்தண்ணி விளம்பரம் மட்டும் அதே பக்கத்தில் கிழமைக்குக் கிழமை வருகிறது.

நான் கேட்பது இரண்டு வரி. ‘19 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்த எல்லைகள் பொருந்தாது. சந்தேகம் இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வளர்ச்சி அட்டவணையோடு கேளுங்கள்.’ அடுத்த ஞாயிறு அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். எங்கள் வீட்டில் பத்திரிகையை முதலில் எடுத்து விரிப்பவள் மகள்தான்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கோண்டாவில்.