கத்தரித்து அனுப்பிய கைகளுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

நீங்கள் அனுப்பிய பழைய தபால் தலைகள் எல்லாம் விற்றாகிவிட்டன. கிடைத்த பணம் முழுவதும் கடற்பறவைப் பாதுகாப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி எழுதத்தான் ஆசைப்பட்டோம். ஆனால் உங்களில் பலர் அனுப்புநர் பெயர்கூட எழுதாமல் அனுப்பியிருந்தீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பொது மடல்.

முத்திரை விழுந்த ஸ்டாம்புக்கு என்ன கிடைக்கும் என்று தொடக்கத்தில் நிறையப் பேர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். தனித்தனியாக விற்றால் பெரும்பாலான தலைகளுக்கு ஒன்றுமே கிடைக்காது. சேகரிப்பாளர்களும் வியாபாரிகளும் அவற்றை எடைக்குத்தான் வாங்குகிறார்கள். ஓரத்துப் பல் உடைந்தது, மூலை கிழிந்தது, முத்திரை மை அப்பிப் படமே தெரியாதது எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுகிற எடைக்குத்தான் காசு. ஆகவே, உறையிலிருந்து தலையைப் பிய்த்து எடுக்காமல், சுற்றிலும் விரற்கடை அளவு காகிதம் விட்டுக் கத்தரித்து அனுப்பினீர்களே, அந்த விரற்கடைதான் எங்களுக்குக் கிடைத்த பணம். பொறுமையாகக் கத்தரித்த ஒவ்வொருவருக்கும் நன்றி.

அலுவலகங்களில் தபால் பிரிக்கும் இடத்தில் ஒரு பெட்டி வைத்து, உறைகளைக் குப்பையில் போட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தவர்களுக்கு நன்றி. ஒரு நாள் சொன்னால் மறந்துவிடுவார்கள், தினமும் சொல்ல வேண்டும். சொன்னீர்கள். வருடக்கணக்காகச் சேர்த்த ஆல்பங்களிலிருந்து இரட்டைப் பிரதிகளைக் கழற்றிக் கொடுத்த மூத்த சேகரிப்பாளர்களே, உங்கள் கொடை தனி ரகம். வெளிநாட்டுத் தலைகளும் நினைவுத் தலைகளும் கலந்த பொட்டலத்துக்கு விலை கூடுதல். உங்களால்தான் எங்கள் பொட்டலங்களுக்கு அந்த விலை கிடைத்தது. அப்புறம், மாலை நேரங்களில் உட்கார்ந்து நாடு வாரியாகப் பிரித்த இளையவர்களும் இருக்கிறார்கள். எந்த எழுத்து எந்த நாட்டுடையது என்று இப்போது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

பணம் எங்கே போகிறது என்று விரிவாகச் சொல்ல வேண்டும். அல்பட்ராஸ் பறவையை நம்மில் பெரும்பாலோர் நேரில் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. மாதக்கணக்கில் கரை தொடாமல் கடலிலேயே வாழ்கிற பறவை. ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும். அதிலும் சில இனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். உலகில் உள்ள 22 இனங்களில் 15 இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. பெரிய காரணம் ஆயிரங்கால் தூண்டில். பல கிலோமீட்டர் நீளமுள்ள கயிற்றில் ஆயிரக்கணக்கான முட்களைக் கட்டி, இரை குத்திக் கடலில் இறக்குவார்கள். இரை மூழ்குவதற்குள் பறவை வந்து கொத்தும், முள் மாட்டிக்கொள்ளும், கயிற்றோடு அதுவும் தண்ணீருக்குள் போய்விடும். யாரும் வேண்டுமென்று கொல்வதில்லை. மீனவருக்கும் நஷ்டம்தான், பறவை மாட்டிய முள்ளில் மீன் மாட்டாது.

தடுக்கும் வழி எளிது. படகின் பின்னால் வண்ண நாடாக்கள் தொங்கும் கயிற்றை இழுத்துக்கொண்டு போனால் பறவைகள் கிட்டே வருவதில்லை. தூண்டில் கயிற்றில் எடை கட்டினால் சீக்கிரம் மூழ்கும். இரவில் இறக்கினால் இன்னும் நல்லது. ஆனால் படகில் ஏறி, மீனவர்களோடு நாட்கணக்கில் கடலில் இருந்து இதையெல்லாம் செய்து காட்ட ஆள் வேண்டும். 2006-ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய அல்பட்ராஸ் பணிக்குழு அந்த வேலையைச் செய்கிறது. பறவைப் பாதுகாப்பு அமைப்புகளான பேர்ட்லைஃப் இன்டர்நேஷனலும் பிரிட்டனின் ஆர்.எஸ்.பி.பி.யும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. இழுவலைக் கப்பல்களின் கம்பிகளில் அடிபட்டும் இந்தப் பறவைகள் சாகும். அங்கேயும் இதே நாடாக் கயிறுதான் மருந்து. தென்னாப்பிரிக்காவில் ஹேக் மீன் பிடிக்கும் இழுவலைக் கப்பல்களில் அல்பட்ராஸ் சாவு 99 சதவீதம் குறைந்தது. ஆர்.எஸ்.பி.பி. பழைய தபால் தலைகளைச் சேகரித்து விற்று அல்பட்ராஸுக்குப் பணம் திரட்டியதைப் பார்த்துத்தான் நாங்களும் இதில் இறங்கினோம்.

புலிக்கும் யானைக்கும் ஏன் செய்யவில்லை என்று கேட்டவர்களுக்கு, அமெரிக்காவிலுள்ள நண்பர்களைக் காட்டுகிறேன். அங்கே 2011 செப்டம்பரில் புலிக்குட்டி முகம் போட்ட தபால் தலை ஒன்று வெளியானது. அப்போது சாதாரணக் கடிதத்துக்கு 44 சென்ட், இந்தத் தலையின் விலை 55 சென்ட். கூடுதலாகக் கொடுத்த 11 சென்ட், தபால் துறையின் செலவு போக, புலி, யானை, காண்டாமிருகம், வாலில்லாக் குரங்குகள், கடலாமைகள் ஆகியவற்றுக்கான நிதிக்குப் போனது. 2013 முடிவில், இந்தத் தலையை விற்க அனுமதித்த சட்டத்தின் காலக்கெடு தீர்ந்து விற்பனை நின்றது. மறுபடி விற்க வேண்டும் என்று பலர் வலியுறுத்தி, 2014-ல் புதிய சட்டம் வந்தது. சாதாரணத் தலையே போதுமென்ற இடத்திலும் இதைக் கேட்டு வாங்கி ஒட்டி எங்களுக்கு எழுதிய நண்பர்களே, உங்கள் ஒரு தலை இரண்டு தடவை உதவியது. வாங்கும்போது புலிக்கு, நாங்கள் விற்றபோது அல்பட்ராஸுக்கு. எனக்கு இந்த மடலிலேயே அதிக மகிழ்ச்சி தருகிற விஷயம் இதுதான்.

சில்லறைக் காசில் காட்டைக் காப்பாற்ற முடியுமா என்று ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருந்தார். அதே அமெரிக்காவில் 1934-லிருந்து வாத்து வேட்டைக்காரர்கள் வருடாவருடம் ஒரு தலை வாங்கியாக வேண்டும். முதல் தலையை வரைந்தவர் டிங் டார்லிங் என்ற கார்ட்டூன் ஓவியர், விலை ஒரு டாலர். கடிதத்தில் ஒட்டும் தலை இல்லைதான். ஆனால் அந்தப் பணத்தில் இதுவரை பல லட்சம் ஏக்கர் சதுப்பு நிலம் வாங்கிப் பாதுகாத்திருக்கிறார்கள். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது, சேர்ந்து கொடுக்கும் சில்லறையின் மேல் என் நம்பிக்கையும் அவருக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

தபால் நிலையக் கவுன்ட்டர்களில் இருப்பவர்களையும் சொல்ல வேண்டும். படம் கெடாமல் ஓரமாக முத்திரை குத்திக் கொடுத்த உங்கள் நிதானத்துக்கு எங்கள் குழுவின் தனி வணக்கம்.

சரி, இனி ஒரு வேண்டுகோள். கடிதங்கள் குறைந்துவிட்டன, பார்சல்களில் அச்சடித்த ரசீதுதான் ஒட்டி வருகிறது. அடுத்த முறை நீங்கள் எதையாவது அனுப்பும்போது, ரசீதுக்குப் பதிலாகத் தபால் தலை ஒட்ட முடியுமா என்று கவுன்ட்டரில் கேளுங்கள். வாங்குகிறவரிடம் உறையை எறிய வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். இரண்டாவது சேகரிப்பைத் தொடங்கிவிட்டோம்.

நன்றியுடன்,
தலை பிரிக்கும் குழுவினர் அனைவர் சார்பிலும்