ஏழாவது மாடிப் பாட்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் அறுவைக்குப் பிறகு வாய்க்கால் கரைவரை நடக்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. "அந்தப் பிள்ளைகளை நடிக்கவைத்தால் போதாதா, நாடகம் எழுத எதற்குச் சொல்லித்தருகிறாய்?" என்று கேட்டிருந்தாய். அதை யோசித்துக்கொண்டிருந்ததில்தான் பதில் தாமதம்.

சென்னையின் தெற்கு ஓரத்திலுள்ள இந்தப் பெரும்பாக்கத்தை நீ பார்த்ததில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல இங்கேதான் வந்தன. வரிசை வரிசையாக எட்டடுக்குக் கட்டடங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் தரைத்தளத்து அறை ஒன்றில் கூடுகிறோம். பதினான்கு பேரோடு தொடங்கினோம், இப்போது ஒன்பது பேர். முகூர்த்த நாட்களில் பையன்கள் பந்தி பரிமாறும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டுக்கு அந்தப் பணம் வேண்டும், நான் என்ன சொல்ல முடியும்?

முதல் மாதம் ஒரு தவறு செய்தேன். அவர்கள் எழுதிய வசனத்தையெல்லாம் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்த காட்சிகளில் எல்லாரும் செய்தி வாசிப்பதுபோலப் பேசினார்கள். தாய் மகனைத் திட்டுவதில்கூட இலக்கணம் பிசகவில்லை, உயிரும் இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டில் காதில் விழுவதை அப்படியே எழுதுங்கள், பிழை பார்க்கமாட்டேன் என்றேன். பயிற்சியையும் சுருக்கினேன்: இரண்டு பேர், ஓர் இடம், ஒருவர் கேட்பதை மற்றவர் தரமாட்டார்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆற்றங்கரையிலிருந்து வந்தபோது சின்னக் குழந்தை. ஏழாவது மாடியில் ஒரு பாட்டியையும் பேத்தியையும் எழுதினாள். பேத்தி பரீட்சைக்குப் படிக்கவேண்டும், பாட்டிக்குக் கீழே போகவேண்டும். முதல் பிரதியில் பாட்டி பழைய குடிசையைப் பற்றி ஒரு பக்கத்துக்குப் புலம்பினாள். "உன் பாட்டி இப்படிப் பேசுவாரா?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பேசமாட்டார் சார். கீழே யார் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்" என்றாள். புலம்பலை முழுவதும் அடித்துவிட்டாள். இப்போது அந்தக் காட்சியில் பாட்டி அதே கேள்வியை ஆறு முறை கேட்கிறாள். ஆறாவது முறை பேத்தி புத்தகத்தை மூடிவிட்டு எட்டிப் பார்த்து, ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குகிறாள். வாசித்து முடித்தபோது அறையில் ஒருவரும் அசையவில்லை.

உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்தக் காட்சிதான். இவர்களைப் பற்றி மற்றவர்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள், நாமும் வீதி நாடகக் காலத்தில் எழுதினோம். குடிசைவாசி என்று ஒரு பாத்திரத்தைப் படைத்து, அவர் வாயில் நம் கோபத்தை வைத்தோம். அந்தக் கோபம் உண்மையானதுதான். ஆனால் இந்தப் பாட்டி கேட்கும் கேள்வி நம் இருவருக்கும் தோன்றியிருக்காது.

மார்கழி முடிந்ததும், இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள வெட்டவெளியில் நாடகம் போடுகிறோம். 1980-இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வங்க நாடகக் கலைஞர் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறைக்குப் போய்வந்தவர்கள் நமக்குச் சொன்னார்களே, மேடை வேண்டாம், விளக்கு வேண்டாம் என்று. அது இங்கே பொருந்துகிறது. மாடிகளிலிருந்தும் பார்ப்பார்கள். மேலே குரல் எட்டுமா என்பதுதான் என் கவலை. குரல் பயிற்சி கொடுக்க உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை. முழங்கால் இடம் கொடுத்தால் ஒரு வாரம் முன்னதாகவே வா. என் வீடு முதல் மாடிதான், படி பன்னிரண்டு. பறையையும் எடுத்து வா.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்