புகார்: காலண்டர் காம்பொனென்ட்டில் தவறாக வரும் ஆண்டும் வார எண்ணும்

பெறுநர்: தொழில்நுட்ப உதவிப் பிரிவு

வணக்கம்.

எங்கள் டெலிவரி திட்டமிடும் மென்பொருளில், ஆண்டுச் சந்தா கட்டி உங்கள் காலண்டர் காம்பொனென்ட்டை (தேதியைத் தேர்ந்தெடுக்கவும் காட்டவும் மென்பொருளில் பொருத்தும் பகுதி) பயன்படுத்தி வருகிறோம். கீழே உள்ள கோளாறுகளை ஏற்கெனவே தெரிவித்தும் தீர்வு கிடைக்காததால் இந்தக் கடிதம்.

முதலில் ஆண்டு. 2025 டிசம்பர் 29-ஐத் தேர்ந்தெடுத்தால் திரையில் 2026 டிசம்பர் 29 என்று வருகிறது. தேதியை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் உங்கள் தேதி வடிவக் குறியீட்டில், ஆங்கிலச் சிறிய 'ஒய்' (y) இருக்க வேண்டிய இடத்தில் பெரிய 'ஒய்' (Y) இருப்பதுதான் காரணம். சிறிய எழுத்து அந்தத் தேதியின் ஆண்டையே காட்டும்; பெரிய எழுத்து, அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேருகிறதோ அந்த ஆண்டைக் காட்டும். மற்ற நாட்களில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் சோதனையில் இது சிக்காது. ஆண்டு மாறுவதை ஒட்டிய நாட்களில்தான் வெளியே வரும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய டெலிவரி ஓராண்டு தள்ளிப் பதிவாகிவிட்டது. ஓர் எழுத்தைத் திருத்த வேண்டிய வேலைக்கு "அடுத்த வெளியீட்டில் பார்க்கிறோம்" என்ற பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் வாரம். மொழி ஆங்கிலம் என்றாலே உங்கள் காலண்டர் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. அமெரிக்காவுக்கு அது சரி. பிரிட்டனில் வாரம் திங்களன்று தொடங்கும். வார எண்ணும் மாறும்: அமெரிக்க வழக்கில் ஜனவரி 1 வரும் வாரமே முதல் வாரம், தேதிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-இன்படி ஆண்டின் முதல் வியாழன் வரும் வாரம். அதனால் 2026 ஜனவரி 4 அமெரிக்க வழக்கில் இரண்டாம் வாரம், ஐஎஸ்ஓ முறையில் முதல் வாரம். வார எண்ணை வைத்தே சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

வார விடுமுறையிலும் இதே கதைதான். ஐக்கிய அரபு அமீரக அரசு 2022 ஜனவரியிலேயே சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. உங்கள் பட்டியலில் இன்னும் வெள்ளி, சனி என்றே இருக்கிறது. நாடுவாரியாக வாரத் தொடக்கம், விடுமுறை நாள் போன்றவற்றைத் தொகுத்துத் தரும் யூனிகோடின் சிஎல்டிஆர் தரவு இலவசமாகவே கிடைக்கும்போது, நீங்களே ஒரு பட்டியலை எழுதி வைத்து ஏன் பழையதாக விட வேண்டும்?

சாதனத்தின் லொக்கேலை (மொழி, நாடு அமைப்பு) மாற்றிக்கொள்ளும்படி உங்கள் உதவியாளர் சொன்னார். அதை மாற்றினால் தேதி வரிசை, நேரம், எண் வடிவம் எல்லாமே சேர்ந்து மாறிவிடும். எங்களுக்கு வேண்டியது வாரத்தின் முதல் நாளையும் வார எண் முறையையும் மட்டும் தனியாக அமைக்கும் வசதி.

ஆண்டுப் பிழையை இப்போதைய பதிப்பிலேயே, கூடுதல் கட்டணம் இல்லாமல் திருத்தித் தாருங்கள். மற்றவற்றுக்கு ஒரு தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். முடியாது என்றால் மீதமுள்ள சந்தாத் தொகையைத் திருப்பித் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்