பொய் வலி நாட்களில் கூட நின்றவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். மகள் பிறந்துவிட்டாள், இருவரும் நலம். அதை ஒரு வரியில் போட்டுவிட்டு நகர மனம் வரவில்லை. ஏழாம் மாதத்திலிருந்து பிரசவம் வரைக்கும் என்னைத் தாங்கியவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே நன்றி சொல்ல வேண்டும்.

மருத்துவர்கள் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்பார்கள், நம் வீடுகளில் பொய் வலி, சூட்டு வலி என்போம். நிஜப் பிரசவ வலி இல்லாமலே கர்ப்பிணியின் வயிறு திடீரென்று கல் மாதிரி இறுகி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நின்று, தானாகத் தளரும். பலருக்கு எப்போதாவது வந்து போகும். எனக்கு அநேகமாகத் தினமும், அதுவும் வேலை முடிந்து சிங்கப்பூரில் செங்காங் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தில் அடுத்தடுத்து வந்தது. ஆபத்து இல்லைதான், ஆனால் ராத்திரி முழுக்க இப்படி இறுகி இறுகி விட்டால் தூக்கமும் போகும், தைரியமும் போகும். ஓர் இடத்தில் “முதல் பிள்ளை, அதான் பயப்படுறீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சு எந்தக் கர்ப்பிணிக்கும் உதவாது.

அதனால் முதல் நன்றி கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் தாதி அக்காவுக்கு. 37 வாரம் ஆகாததால் பார்த்துவிடுவதே நல்லது என்று சொல்லி வயிற்றில் பட்டை கட்டி, பிள்ளையின் இதயத் துடிப்பையும் வயிறு இறுகுவதையும் கவனித்தார்கள், சிறுநீர்த் தொற்றாலும் இப்படி வரலாம் என்று அதையும் சோதித்தார்கள். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகும் அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும், நெருங்கி நெருங்கி வராது, எழுந்து நடந்தாலோ படுத்தாலோ தண்ணீர் குடித்தாலோ பெரும்பாலும் அடங்கும். நிஜ வலி எதற்கும் அடங்காது, போகப்போக நீளும், கூடும், இடைவெளி குறையும். ரத்தம் பட்டாலோ, பனிக்குட நீர் கசிந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, 37 வாரத்துக்கு முன்னால் ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவை இறுகினாலோ காத்திருக்காமல் வரவேண்டும். “சந்தேகமா இருந்தா எத்தனை தடவை வேணும்னாலும் வாம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்” என்றார். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். 1872-லேயே ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றும் அவர்தான் சொன்னார், எனக்கு மட்டும் நடக்கும் ஒன்றில்லை என்று கேட்பதே அப்போது பெரிய ஆறுதல்.

மயிலாடுதுறையிலிருந்து தினமும் வீடியோவில் வந்த அத்தைக்கு நன்றி. “சீரகத் தண்ணி வச்சுக் குடி, சூட்டு வலின்னா அடங்கிடும்” என்பார். கூடவே ஒன்றுக்கு அடக்கி வைக்காதே, இடது பக்கம் சாய்ந்து படு என்று நினைவுபடுத்துவார். ஏர்கான் அறையில் தாகமே தெரியாது, உடம்பில் தண்ணீர் குறைந்தாலும், சிறுநீர்ப்பை நிறைந்தாலும் வயிறு இறுகும். இதைப் புரிந்துகொண்டு என் மேசையில் தண்ணீர் போத்தலை நிரப்பி வைத்துக்கொண்டே இருந்த அலுவலகத் தோழிக்கும், கூட்டம் சேருமுன் ரயில் பிடிக்கும்படி வேலை நேரத்தை மாற்றித் தந்த மேலாளருக்கும் நன்றி.

அப்புறம் எங்கள் மாடியில் இருக்கும் மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை. என் கணவருக்கு இரவு வேலை உள்ள நாட்களில் தன் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்து, நான் கூப்பிட்டால் வந்து, நடைபாதையில் என்னோடு மெதுவாக நடப்பார். எனக்கு மலாய் அரைகுறை, அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்தே வயிறு இறுகுகிறது என்று கண்டுபிடித்து முதுகைத் தடவிக் கொடுப்பார். இதை எழுதும்போதே கண் கலங்குகிறது.

என் கணவர், எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நின்றது என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டே வந்தார். மருத்துவரிடம் காட்ட அதுதான் உதவியது. கடைசியில் ஒரு விடிகாலையில் வலி வந்தபோது படுத்துப் பார்த்தேன், வெந்நீரில் குளித்தேன், சீரகத் தண்ணீரும் குடித்தேன், எதற்கும் அடங்கவில்லை, அவர் குறித்த இடைவெளிகள் குறைந்துகொண்டே வந்தன. தாதி அக்கா சொல்லிக்கொடுத்தபடியே இருந்ததால் தயங்காமல் கிளம்பினோம். புக்கிட் தீமா சாலை வரைக்கும் ஒரு குலுக்கல் இல்லாமல் டாக்சி ஓட்டிய அங்கிளுக்கும் நன்றி!

பேர் சூட்டும் நாளைச் சீக்கிரம் சொல்கிறேன், எல்லாரும் வந்து பிள்ளையைப் பாருங்கள். செங்காங் பக்கம் யாருக்காவது இப்போது இப்படி அடிக்கடி வயிறு இறுகிக்கொண்டிருந்தால், முதலில் மருத்துவமனையில் காட்டிவிடுங்கள், அதன் பிறகு ராத்திரி பேச ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், பால் கொடுக்க எப்படியும் விழித்துத்தான் இருப்பேன்.