நிழற்சாலைகளுக்கு ஒரு நூற்றாண்டுத் திட்டம் வேண்டும்

பொதுப் பாதைகளின் ஓரத்தில் நிற்கும் முதிர்ந்த மரங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கோப்புகளில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத்தான் வருகிறது. கிளை முறிந்தால் ஒரு புகார், வேர் நடைபாதையைத் தூக்கினால் இன்னொரு புகார், மரம் சாய்ந்தால் ஓர் ஒப்பந்தப்புள்ளி. ஆட்கள் போகிறார்கள், வெட்டுகிறார்கள், கோப்பு முடிகிறது. இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் சில பத்தாண்டுகளில் பாதையோர மரவரிசையே இருக்காது. அதை அழிக்க வேண்டும் என்று யாரும் முடிவெடுத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் அழிந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். மரங்களின் பட்டியல் உங்களிடம் இருக்கலாம். எனக்குத் தேவை, நிழற்சாலை முழுவதையும் ஒன்றாகப் பார்த்து, நூறு ஆண்டுகளுக்கு எழுதிய ஒரு திட்டம்.

ஒரே இனம், ஒரே வயது, சீரான இடைவெளி என்று நடுவதால்தான் நிழற்சாலைக்கு அந்த அழகு வருகிறது. அதே காரணத்தால் மரங்கள் சேர்ந்தே மூப்படைகின்றன, சேர்ந்தே நோயில் விழுகின்றன. பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் பதினான்காம் லூயி மன்னர் காலத்து மரங்கள் முதிர்ந்து நலிந்துபோனதால், 1774-இல் ஆட்சிக்கு வந்த பதினாறாம் லூயி அவற்றை வெட்டி மறுநடவு செய்ய வேண்டியதாயிற்று. 1999 டிசம்பர் புயலில் அதே தோட்டம் ஏறத்தாழ 10,000 மரங்களை இழந்தது. டச்சு எல்ம் நோய் பிரிட்டனில் மட்டும் 2.5 கோடிக்கு மேற்பட்ட எல்ம் மரங்களைக் கொன்றது. இவற்றையெல்லாம் பார்த்துத்தான், ஓர் ஊரின் மரங்களில் ஒரே சிற்றினம் 10 சதவீதத்தையும் ஒரே பேரினம் 20 சதவீதத்தையும் ஒரே குடும்பம் 30 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்று 1990-இல் அமெரிக்க மர ஆய்வாளர் ஃபிராங்க் சான்டமோர் எழுதினார். ஒரு வரிசைக்குள் இது இயலாது என்பது எனக்குத் தெரியும். பாதைக்குப் பாதை இனத்தை மாற்றலாமே. ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகளால் ஒரு சாலை முழுவதையும் நிரப்பாமலாவது இருக்கலாம்.

விழுந்த மரத்தின் இடத்தில் ஒரு கன்றை நட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். நல்ல எண்ணம்தான், ஆனால் பெரும்பாலும் பலிப்பதில்லை. இருபுறமும் பெரிய மரங்களின் நிழல். கன்று வெளிச்சம் தேடி ஒருபக்கமாகச் சாய்ந்து மெலிந்து வளர்கிறது. மண்ணின் ஈரத்தைப் பெரிய வேர்கள் முந்திக்கொள்கின்றன. பல ஆண்டுகள் கழித்தும் அது நோஞ்சானாகவே நிற்கும். இதற்கு மாற்று, சாலையைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதி மிகவும் நலிந்திருக்கிறதோ அதை மொத்தமாக எடுத்துப் புதிதாக நட்டு, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து அடுத்த பகுதிக்குப் போவது. இடமிருந்தால் பழைய வரிசைக்கு வெளியே இரண்டாம் வரிசையை இப்போதே நட்டுவிடலாம். அப்படியானால் எதையும் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். உயிரோடு நிற்கும் மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனம் கசக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே பத்தாண்டில் விழுந்து, ஒரு தலைமுறை முழுக்க வெயிலில் நடப்பது அதைவிடக் கொடுமை. பகுதியின் எல்லையை மட்டும் கவனமாகக் குறியுங்கள்: இதுவரை அண்டைமரத்தின் மறைவில் நின்ற மரம் திடீரென்று முழுக்காற்றை வாங்கும்போது அதுவும் சாயக்கூடும்.

முதிர்ந்த மரங்கள் பெரும்பாலும் மண்ணுக்குள்தான் கொல்லப்படுகின்றன. நீரை உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே, கிளைவிரிப்பையும் தாண்டிப் பரவியிருக்கிறது. கேபிளுக்கோ குழாய்க்கோ வரிசை நெடுகப் பள்ளம் தோண்டினால் ஒவ்வொரு மரமும் ஒருபக்கத்து வேரை இழக்கிறது. உடனே ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளைகள் பட்டுப்போகும்போது, தோண்டியவரையும் அனுமதித்தவரையும் யாரும் நினைப்பதில்லை. ‘மரத்துக்கு வயதாகிவிட்டது’ என்று எழுதிவிடுகிறோம். பிரிட்டனின் பிஎஸ் 5837 தரநிலை அடிமர விட்டத்தைப்போல் 12 மடங்கை ஆரமாகக் கொண்ட வட்டத்தை வேர்ப் பாதுகாப்புப் பகுதி என்கிறது. 80 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு அது 9.6 மீட்டர். இந்த அளவை ஒவ்வொரு தோண்டல் அனுமதியிலும் எழுதிவிடுங்கள். தவிர்க்கவே முடியாத இடத்தில் கையால் தோண்டச் சொல்லுங்கள், அல்லது வேருக்குக் கீழே துளையிட்டுக் குழாயைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அடிமரத்தைச் சுற்றி மணலும் ஜல்லியும் குவிப்பதும், வண்டிகளை நிறுத்துவதும், தூர்வரை சிமென்ட் பூசுவதும் அதே அளவுக்குக் கேடு. மண் இறுகினால் வேருக்குக் காற்றில்லை.

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்துவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உச்சியை மொட்டையடிக்காதீர்கள். அதன்பின் வெட்டிய இடத்தில் முளைக்கும் புதுக்கிளைகள் வலுவாகப் பிடித்து வளர்வதில்லை, பருத்தபின் அவையே முறிந்து விழுகின்றன. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் தடுப்பெழுப்பி அடைத்துவிடுகிறது என்று அமெரிக்க மரநோய் ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ 1970-களில் விளக்கினார். அந்தத் தடுப்பு கிளைக்கழுத்தில், அதாவது கிளை மரத்தோடு சேரும் இடத்திலுள்ள புடைப்பில்தான் உருவாகிறது. அதை ஒட்டி, அதைச் சீவாமல் வெட்ட வேண்டும். வெட்டுவாயில் தாரோ பெயின்டோ பூசுவது அழுகலை நிறுத்தாது. கன்றாக இருக்கும்போதே சிறு கிளைகளை ஒழுங்குபடுத்தி வந்தால் பிற்காலத்தில் பெரிய வெட்டுக்கே வேலை குறையும்.

பொந்து விழுந்த மரமெல்லாம் ஆபத்தான மரமல்ல. பொந்தைச் சுற்றியுள்ள நல்ல மரப்பகுதி போதிய கனத்தோடு இருந்தால் உள்ளீடற்ற மரமும் நெடுங்காலம் நிற்கும். பறவைக்கும் வௌவாலுக்கும் அதுவே வீடு. பார்க்க வேண்டியவை தூரில் முளைக்கும் காளான், புதிதாக விரிசல் விட்ட மண், புதிதாகத் தொடங்கிய சாய்வு. சந்தேகமிருந்தால் ஒலியலைக் கருவியால் சோதியுங்கள். கிளைவிரிப்பைச் சற்றுக் குறைத்தாலே பாரம் குறையும். சில இடங்களில் மரத்தடி இருக்கையை நகர்த்தினாலே போதும்.

கடைசியாக, மறைக்காதீர்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2012-இல் தொடங்கிய ஒரு சாலைச் சீரமைப்பு ஒப்பந்தத்தின்கீழ் 5,000-க்கும் மேற்பட்ட தெருமரங்கள் வெட்டப்பட்டன. மக்கள் மரத்தடியில் நின்று மறித்தார்கள், கைதானார்கள், 2018-இல் வெட்டு நிறுத்தப்பட்டது. நகராட்சி மக்களையும் நீதிமன்றத்தையும் தவறாக வழிநடத்தியது என்று 2023-இல் விசாரணை அறிக்கை சொன்னது. ஜெர்மனியின் மெக்லன்பர்க்-மேற்கு பொமரேனியா மாநிலமோ நிழற்சாலைகளைக் காப்பதைத் தன் அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் நீங்கள் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எந்தப் பகுதி எந்த ஆண்டு மாற்றப்படும், எந்த மரங்கள் கடைசிவரை காக்கப்படும், கன்றுகளுக்கு முதல் மூன்று ஆண்டுகள் தண்ணீர் ஊற்றுவது யார், அதற்கான நிதி எங்கே என்று ஒரு வரைபடத்தில் குறித்து, பாதையின் தொடக்கத்திலேயே எல்லோரும் படிக்கும்படி வையுங்கள். நாற்றங்காலில் நல்ல கன்று தயாராகவே சில ஆண்டுகள் ஆகும் என்பதால் இன்று முடிவெடுத்தாலும் அது அவசர முடிவல்ல. அடுத்த கவாத்துப் பருவத்துக்கு முன் வரைபடம் வரட்டும். படித்துவிட்டு எங்கள் கேள்விகளோடு வருகிறோம்.

இப்படிக்கு,
நிழலில் நடந்து பழகிய ஒருவர்