மண் ரோட்டுக்கு எதற்குக் காசு? நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் கடையின் மண் ரோட்டுச் சைக்கிள் ஓட்டத்தில், ஏற்காட்டில் நடந்தது உங்களில் பலருக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். அதைப் பற்றிக் கோபமாகப் பேசிய குரல் பதிவை எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். அதனால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டுப் பேரை, ஏற்காட்டைச் சுற்றி வருகிற லூப் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு எஸ்டேட் மண் பாதையில் கூட்டிப்போனோம். காப்பிப் பழம் பறிக்கிற சமயம். ஆளும் மூட்டையும் ஏற்றிய வண்டிகள் உள்ளே போய்வந்துகொண்டிருந்ததால் கீழ் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். வந்த வழியே மூன்று கிலோமீட்டர் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டு பேருக்குத் தண்ணீரும் தீர்ந்துபோனது. கேட்டைப் பூட்டியது எஸ்டேட்காரர்களின் உரிமை, அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. முந்தின நாள் போய்ப் பார்க்காதது எங்கள் தப்பு. எட்டுப் பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பதிவின் கடைசியில் வந்த ஒரு வார்த்தைதான் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. "சும்மா கிடக்கிற மண் ரோட்டுக்குக் காசு வாங்குறாங்க." அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நாம் ஓட்டுவது கிராவல் சைக்கிள். கிராவல் என்றால் நம் ஊரில் மனையை மேடாக்க லாரியில் கொட்டுகிற மண். அந்த மாதிரி மண்ணிலும் சரளையிலும் ஓட்டுவதற்கென்றே வந்த சைக்கிள் இது. ரோடு சைக்கிள் மாதிரி வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் அகலம், 40 மில்லிமீட்டர்; காற்றழுத்தம் குறைவு, 40 பிஎஸ்ஐக்குக் கீழே. சைக்கிள் யாரிடம் வேண்டுமானாலும் கிடைக்கும். ஓட்டுவதற்குத் தடம் வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறது?

கஞ்சமலையைச் சுற்றி வருகிற நம் தடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்தர்கோயில் பக்கம் தொடங்கி இளம்பிள்ளைப் பக்கமாகச் சுற்றி, கரடும் பள்ளமுமாக ஏறி இறங்கி வருவோமே, அதுதான். நீங்கள் ஒரு காலையில் ஓட்டி முடித்துவிடுகிறீர்கள். அதைத் துண்டு துண்டாகக் கோர்க்க எங்களுக்கு ஒன்பது ஞாயிறு ஆனது. போனில் இருக்கிற வரைபடத்தில் கோடு நேராகப் போகும். போய்ப் பார்த்தால் யாரோ ஒருவருடைய கிணற்று மேட்டில் முடியும். இன்னொரு கோடு பட்டா நிலத்து வரப்பாக இருக்கும். அந்த வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, நாங்கள் யார், எதற்கு வருகிறோம், எத்தனை பேர் என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் அந்தத் துண்டு தடத்தில் சேரும். ஒரு பாட்டி இன்றைக்கும் எங்களுக்கு மோர் வைத்திருக்கிறார் என்றால் முதல் நாள் அப்படிக் கேட்டுவிட்டுப் போனதால்தான்.

அப்படிக் கோர்த்தாலும் தடம் நிலையாக இருப்பதில்லை. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்குகிற மாதத்தில் டிராக்டர் போய்ப் போய் நடுவில் முழங்கால் ஆழம் குழி விழும். ஐப்பசி கார்த்திகை மழையில் செம்மண் சக்கரத்தில் அப்பி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க முடியும். அதே இடம் கோடையில் புழுதியாகி, இறக்கத்தில் முன் சக்கரத்தை இழுத்துவிடும். அமாவாசையன்று சித்தர்கோயில் பக்கம் கூட்டம், அன்றைக்கு அந்த வழியே போகக்கூடாது. இதையெல்லாம் எந்த வரைபடமும் சொல்லாது. முந்தின நாள் ஒருவர் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் தார். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000இல் தொடங்கியது. அதிலும் அதற்குப் பிறகு வந்த திட்டங்களிலும், நான் சிறுவயதில் சைக்கிள் ஓட்டிய வண்டித்தடங்களில் பாதி தார் ரோடாகிவிட்டது. ஊருக்கு அது நல்லது. ஆம்புலன்ஸ் வாசல் வரை வருகிறது, அதில் வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு துண்டு தாராகும்போதெல்லாம் நாங்கள் வேறு துண்டு தேடிப் போகவேண்டும். வாழப்பாடியிலிருந்து ஆணைமடுவு அணைப் பக்கம், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே போகும் தடத்தை இரண்டு முறை மாற்றியாயிற்று.

"காட்டுக்குள்ளே ஒத்தையடிப் பாதை இருக்கே, அதில் ஏன் போவதில்லை?" என்று சிலர் கேட்கிறீர்கள். சேர்வராயன் மலைச் சரிவில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், காட்டெருமை நடமாட்டமும் உண்டு. எத்தனை பேர் கேட்டாலும் அங்கே கூட்டிப்போக மாட்டேன்.

சரி, அந்த ஞாயிறு ஏன் தவறியது? நான்கு வருஷமாகச் சனிக்கிழமை தோறும் தடத்தை ஓட்டிப் பார்த்துவந்த தம்பி கார்த்திகையில் பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். நல்ல சம்பளம், நானே பெட்டி கட்டி அனுப்பினேன். குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு ஏறுகிற ரோட்டில் எந்த வளைவில் சரளை சேர்ந்திருக்கும் என்பது வரை அவனுக்குத் தெரியும். அவன் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் மூன்று சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கடையிலேயே இருந்துவிட்டேன். காரணம் அதுதான். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

செலவும் கூடியிருக்கிறது. "சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததே" என்று கேட்கிறவர்களுக்கு: குறைந்தது உண்மை. புதுச் சைக்கிள் வாங்குபவருக்கு அதை அப்படியே குறைத்துத்தான் கொடுக்கிறோம். எங்கள் வாடகைச் சைக்கிளைத் தின்பது முள்தான். சீமைக்கருவேலமும் நெருஞ்சியும் இல்லாத ஏரிக்கரை சேலத்தைச் சுற்றி எங்கே இருக்கிறது? டயருக்குள் ஊற்றுகிற சீலன்ட், முள் குத்திய ஓட்டையைத் தானே அடைக்கிற அந்தப் பால், நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடுகிறது. டயர் ஒன்று 3,000 ரூபாய்க்கு மேல். பழைய டயரை இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை, இனியும் நினைக்க மாட்டேன்.

அதனால் பொங்கல் கழித்து ஞாயிறு ஓட்டத்துக்கு 900 ரூபாய் 1,200 ஆகிறது. மாணவர்களுக்குப் பழைய விலையே. முந்தின நாள் யாரும் ஓட்டிப் பார்க்காத தடத்தில் இனி ஒருவரையும் கூட்டிப்போவதில்லை, பார்க்க முடியாவிட்டால் ஓட்டம் தள்ளிப்போகும், கட்டிய முன்பணம் அடுத்த ஓட்டத்தில் கழியும், பணமாகத் திரும்பாது. எஸ்டேட் தடங்கள் பறிப்பு முடியும் வரை, அதாவது மார்ச் வரை, கிடையாது.

அன்றைக்குக் கேட்டுக்கு முன்னால் நின்ற எட்டுப் பேரில் ஒரு அக்கா, தன் பையிலிருந்த கடலை மிட்டாயை எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டு, என் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளினார். செவ்வாய்ப்பேட்டை அண்ணன் ஒருவர், பதிவைக் கேட்ட அன்று மாலையே கடைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் இரண்டு தட்டுவடை செட் வாங்கிவைத்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். கடை சின்னதாக இருந்த காலத்திலிருந்து நீங்கள் எல்லாரும் இப்படித்தான். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதிவைப் போட்டவரும் திரும்பி வரவேண்டும். அவர் சைக்கிளின் சீட் உயரம் நோட்டில் குறித்தே வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் போகிறோம். சனிக்கிழமை நானே ஓட்டிப் பார்த்துவிட்டு, தடம் எப்படியிருக்கிறதென்று அன்றிரவே குழுவில் போடுகிறேன். காலை 5.30க்குக் கடை வாசல். இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடைக்காரன்,
சேலம்