கம்போங் மெலாயு ஆவணப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, கம்பத்தில், அதாவது அந்த மலாய்க் கிராமத்தில், வாழ்ந்து இன்று நம்மோடு அமர்ந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செயலவைக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மற்றபடி இந்த ஆண்டு நம் நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது சிங்கப்பூரின் ஜாலான் யூனோஸில் இருந்த கம்போங் மெலாயு பற்றிய பதிவுதான்.

புது உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. 1926இல் தொடங்கிய கெசத்துவான் மெலாயு சிங்கப்பூரா சங்கத்தின் தலைவர் முகமது யூனோஸ் அப்துல்லா, சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் மலாய்க்காரர். மலாய்க்காரர்களுக்கென ஒரு குடியிருப்பு வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டதால், நிலம் வாங்க அரசு 700,000 வெள்ளி ஒதுக்கியது. 600 ஏக்கருக்கு மேல் கிடைத்தது. காலாங்கில் விமான நிலையம் கட்டியபோது வீடிழந்தவர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் தீவு விரைவுச்சாலைக்காகக் கம்பமும் போனது. விமானத்துக்காக ஒரு முறை, காருக்காக இன்னொரு முறை என்று இரண்டு தடவை மூட்டை கட்டிய குடும்பங்கள் உண்டு.

குடும்ப ஆல்பங்களில் திருமணம், நோன்புப் பெருநாள், படிக்கட்டில் வரிசையாக நின்ற பிள்ளைகள் என எல்லாம் வீட்டின் முன்பக்கம்தான். அடுப்படியை யாரும் படமெடுக்கவில்லை. ஃபிலிம் விற்ற விலைக்கு யார் எடுப்பார்கள்? சரி, நினைவிலிருந்தே வரையச் சொல்வோம் என்று முடிவெடுத்தோம். ஆண்கள் சாலையில் தொடங்கிப் படியேறி, செராம்பித் திண்ணையோடு நின்றுவிட்டார்கள். பெண்கள் அடுப்படியில் தொடங்கினார்கள். கொல்லைக் கதவு, கிணறு, பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவு என்று அவர்கள் போன வழி எந்தத் தெருக் கையேட்டிலும் இல்லை.

கை நடுங்குவதால் பேனா பிடிக்க முடியாத ஒரு மக்சிக் (மலாய் மூதாட்டி), துணிக் கவ்விகளை மேசையில் வரிசையாக அடுக்கி வீடுகளாக்கினார். கிணற்றுக்கு ஒரு தேக்கரண்டி. அப்புறம் ஒரு கவ்வியை மட்டும் விரலளவு நகர்த்தி வைத்தார். தேங்காய் விழுந்து கூரைத் தகரம் நெளிந்துகொண்டே இருந்ததால், அக்கம்பக்கத்து ஆண்கள் சேர்ந்து அந்த வீட்டையே தூக்கித் தள்ளி வைத்தார்களாம். விருந்து என்றால் தட்டுகள் பல வீடுகளிலிருந்து வரும். திரும்பும்போது மாறாமலிருக்க ஒவ்வொரு வீட்டாரும் அடியில் தனி நிறத்தில் பொட்டு வைத்திருப்பார்கள், நாம் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைப் போல. பச்சைப் பொட்டு வைத்த ஒரு தட்டு இன்னமும் அவர் அலமாரியில் இருக்கிறது. அது அவருடையது இல்லை!

அந்தப் பக்கம் வீடு வீடாகப் பால் ஊற்றிய தமிழ்ப் பெரியவர் ஒருவரையும் தேடிப் பிடித்தோம். அவரும் கொல்லைப்புறமாகவே போய் வந்தவர் என்பதால் மக்சிக்கின் வரிசையில் விட்டுப்போன வீடுகளை அவரே நிரப்பினார்.

செதுக்கு வேலைப்பாட்டுடன் மாதிரி வீடு ஒன்று செய்து கண்காட்சி வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேலாங் சிராயில் சுற்றுலாவுக்காகக் கட்டிய மலாய் கிராமம் 2011இல் மூடப்பட்டதைப் பார்த்தோமே. அங்கே வீடு இருந்தது, குடியிருக்க ஆளில்லை. நம்மிடம் இருக்கும் காசை ஒலிப்பதிவுக்கும் வரைபடத்துக்கும் செலவிடுவதே நல்லது.

பெடோக் ரெசவாயர் சாலையில் உள்ள அல்காஃப் கம்போங் மெலாயு பள்ளிவாசல் கம்பத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. பழைய அண்டைவீட்டார் பலரை அங்கேதான் சந்தித்தோம். பெயர் வேண்டாம் என்றவர்களின் பெயரை எந்தப் பதிவிலும் சேர்க்கவில்லை.

வரும் ஆண்டில் கொல்லைவழிப் பாதைகளைப் பழைய நில வரைபடத்தின்மேல் வரைந்து பார்க்கப்போகிறோம். குடியிருப்போர் சம்மதித்தால், இன்றும் எஞ்சியிருக்கும் லோரோங் புவாங்கோக் கம்பத்தில் ஓர் அடுப்படியை அளந்து வரவும் எண்ணம். மலாய் நன்றாகப் புரிந்து எழுதக்கூடியவர்கள் உடனே தேவை. ஆல்பம் தருபவர்கள் படங்களைப் பிய்த்தெடுக்காமல் அப்படியே கொடுங்கள். பசை காய்ந்த படங்கள் கிழிந்துவிடுகின்றன.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்